மறுபடியும் பெரிய மோட்டார் சைக்கிள் ஏறப் போகிறவர்களுக்கு: பழைய ஸ்போர்ட் டூரிங் வாங்கும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் வட்டாரத்தில் ஐம்பதைத் தொட்டவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடனும் அநேகமாக முடிந்துவிட்டது. இளவயதில் யமஹா ஆர்எக்ஸ்ஸெட் மோட்டாரில் எஸ்டேட் செம்மண் ரோட்டையும் ஈப்போ ரோட்டையும் சுற்றித் தீர்த்தவர்கள். கல்யாணம், குழந்தை, கார் என்று வந்ததும் மோட்டார் போய்விட்டது. இப்போது பக்கத்தில் பெட்டி மாட்டிய, காற்றைத் தடுக்கும் கண்ணாடி வைத்த, மனைவியையும் உட்கார வைத்துக் கேமரன் மலைக்கோ தாய்லாந்து எல்லைக்கோ போய்வரக்கூடிய மோட்டார் வேண்டும். அதைத்தான் ஸ்போர்ட் டூரிங் என்கிறோம். புதிது கட்டுப்படியாகாது. "பழசுல எத வாங்கலாம்ணே?"

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டர், அதாவது இயந்திரம் பழுதுபார்க்கிறவன். நாள் முழுக்க பேரிங், ஷாஃப்ட், பம்பு என்று பார்க்கிற வேலை. இடைவெளி விட்டுத் திரும்பி வந்து பழைய மோட்டார் வாங்கியவன். கேட்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பளபளப்பையும், மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதையும் பார்த்து வாங்காதீர்கள். விடாமல் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை, நீங்கள் தனி ஆளாகத் தள்ளி நிறுத்த முடிகிற மோட்டாரை வாங்குங்கள். மாடல், நிறம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

லைசனைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் லைசனை எடுத்து வகையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் எடுத்தது பெரும்பாலும் பி2-வாக இருக்கும். அதை வைத்து 250 சிசி வரைதான் ஓட்டலாம். பி1 என்றால் 500 வரை. அதற்கு மேல் ஓட்ட வெறும் பி வேண்டும், அதைத்தான் 'பி ஃபுல்' என்கிறோம். லைசன் காலாவதியாகி மூன்று ஆண்டைத் தாண்டியிருந்தால் புதுப்பிக்க முடியாது, மறுபடி தேர்வுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். பி2-வை வைத்துக்கொண்டு 650 ஓட்டினால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். எதிரே வந்தவனுக்கு அடிபட்டால் அந்தச் சுமை உங்கள் குடும்பத்தின் தலையில் விழலாம்.

பி ஃபுல் எடுப்பதைத் தண்டச்செலவு என்று நினைக்காதீர்கள். ஓட்டுநர் பள்ளியின் பெரிய மோட்டாரில், வண்டி வராத திடலில், மெதுவாகத் திருப்பவும் சமநிலை பிடிக்கவும் பழகுவதற்குக் கிடைக்கிற வாய்ப்பு அது. இந்த இருபது ஆண்டும் கப்சாயில், அதாவது சின்ன மோட்டாரில், கடைத்தெருவுக்குப் போய்வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரும்பாலான கப்சாயில் கிளட்ச் லீவர் கிடையாது. இடது கைப் பழக்கம் மறந்தே போயிருக்கும்.

பி2-வோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றால் 250-க்குள்ளேயே வழி இருக்கிறது. கவாசாகி வெர்சிஸ்-எக்ஸ் 250, நிஞ்சா 250 போன்றவை தனியாகப் போகிறவருக்கு நன்றாகவே ஓடும். ரோட் டாக்ஸ் ஆண்டுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) தான். ஆள், பெட்டி எல்லாம் ஏற்றி மலை ஏறினால் மட்டும் திணறும். பெரிய மோட்டாருக்கு ரோட் டாக்ஸ், 251 முதல் 500 சிசி வரை 100 வெள்ளி, 501 முதல் 800 வரை 250 வெள்ளி, அதற்கு மேல் 350 வெள்ளி. இன்சூரன்சுக்கு முன்கூட்டியே நாலு இடத்தில் விலை கேளுங்கள். வயதான பெரிய மோட்டாருக்கு முழு இன்சூரன்ஸ் தர எல்லாக் கம்பெனியும் முன்வருவதில்லை. மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும்தான் கிடைக்கும் என்றால், திருடு போனால் பணம் வராது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தள்ளிப் பாருங்கள்

கடையில் ஏறி உட்கார்ந்து பார்ப்பதை எல்லாரும் செய்கிறார்கள். நான் சொல்வது, இறங்கி நின்று தள்ளிப் பார்ப்பதை. நம்முடைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு வெளியே சாக்கடை மூடி, அதிலிருந்து வாசலுக்கு ஒரு சரிவு, உள்ளே கார் நிற்கிறது, மிச்சமிருக்கும் இடத்தில் மோட்டார் நுழைய வேண்டும். எஸ்டேட் வீடென்றால் சரளையும் செம்மண்ணும். மழை பெய்த மறுநாள் அந்தச் சரிவில் மோட்டாரைப் பின்னோக்கித் தள்ளி ஏற்றுகிறவர் நீங்கள்தான்.

ஹோண்டாவின் எஸ்டி1300 அருமையான மோட்டார். 1261 சிசி வி4, சங்கிலி இல்லாமல் ஷாஃப்டில் ஓடுவது, 29 லிட்டர் டேங்க். ஆனால் டேங்க் நிறைந்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். யமஹா எஃப்ஜேஆர்1300-உம் 290 கிலோ அளவில் வரும். என்னிடம் இருக்கும் கவாசாகி இஆர்-6எஃப் 210 கிலோ அளவுதான். எஸ்டி1300-ஐ நகர்த்தும்போது, என் மோட்டாரோடு இரண்டு மூட்டை சிமெண்டையும் சேர்த்துத் தள்ளுகிற கணக்கு. நெடுஞ்சாலையில் ஓடும்போது எடை ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல் ஸ்டேசனில் திருப்பும்போதும், கோயில் வாசல் கூட்டத்தில் ஒதுக்கி நிறுத்தும்போதும்தான் அது தெரியும். திரும்பி வந்தவர்கள் மோட்டாரைக் கீழே போடுவது பெரும்பாலும் நடக்கிற வேகத்தில்தான். அந்த வேகத்தில் கால் நழுவினால் 300 கிலோவைப் பிடித்து நிறுத்துகிற பலம் ஐம்பது வயது முதுகுக்கு இல்லை.

அதனால் விற்கிறவரிடம் கேட்டு, இஞ்சினை அணைத்த நிலையில் எட்டுப் போடுவதுபோல் தள்ளிப் பாருங்கள். பக்க ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள், சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் ஏற்றிப் பாருங்கள். அப்புறம் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதிகிறதா என்று பாருங்கள். சீட் உயரம் 800 மில்லிமீட்டருக்கும் 840-க்கும் உள்ள வித்தியாசம் தாளில் சின்னது, சரளையில் பெரியது. உட்கார்ந்தபடியே கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். மணிக்கட்டு வலித்தாலும் முட்டி மடங்கி இறுகினாலும் அப்போதே தெரிந்துவிடும்.

பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிப் போங்கள். நான் ஆசைப்பட்ட ஒரு மோட்டாரில் என் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டு, "முட்டி நெஞ்சுக்கு வருதுங்க" என்று இறங்கிவிட்டார். அதை அத்தோடு விட்டோம். ஸ்போர்ட் பக்கம் அதிகம் சாய்ந்த மோட்டார்களில் பின்சீட் சும்மா பெயருக்குத்தான் இருக்கும். ஈப்போ போவதற்குள் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அடுத்த பயணம் கிடையாது.

எந்த மாடல்

நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. கூட்டரசு சாலையில் 90. நமக்குத் தேவையான சக்தி 650 சிசியிலேயே தாராளமாக இருக்கிறது. அதனால் முதல் மோட்டாராக 600 முதல் 800 சிசி வரை பாருங்கள் என்பேன்.

இஆர்-6எஃப், பிற்பாடு நிஞ்சா 650 என்று வந்தது, 649 சிசி இரட்டை சிலிண்டர், ஏறக்குறைய 70 குதிரைத்திறன். நம் நாட்டில் நிறைய விற்றதால் பாகத்துக்கும் பட்டறைக்கும் அலைய வேண்டாம். நிமிர்ந்து உட்காரலாம். முன்கண்ணாடி சின்னது, உயரமானது வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். பெட்டி மாட்ட கிவி கம்பெனியின் தாங்கி சுலபமாகக் கிடைக்கும். யமஹா எக்ஸ்ஜே6 டைவர்ஷன் 600 சிசி நான்கு சிலிண்டர். அதிர்வு குறைவு, கைக்கு மென்மை. நீண்ட நேரம் ஓட்டினால் கை மரத்துப்போகிறவர்களுக்கு என் இஆர்-6எஃப்பை விட அது நல்லது.

ஹோண்டா விஎஃப்ஆர்800-ஐப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்போர்ட்டும் டூரிங்கும் சரிபாதி கலந்த மோட்டார் என்றால் எனக்கு அதுதான். 1998 முதல் 2001 வரை வந்தவற்றில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் பல்சக்கரமே ஓட்டுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஆட்கள் வாங்குகிறார்கள். 2002 முதல் சங்கிலிக்கு மாறி, வேகத்துக்கு ஏற்ப வால்வு வேலையை மாற்றும் விடெக் வந்தது. அதில் வால்வு இடைவெளி பார்ப்பது நேரம் பிடிக்கிற வேலை, கூலியும் அதிகம். இரண்டு தலைமுறையிலும் சார்ஜிங் பக்கம் பலவீனம்: ரெகுலேட்டர் சூடாகி எரியும், சில சமயம் ஸ்டேட்டரும் கூடவே போகும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டு, வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பிஎம்டபிள்யூ எஃப்800எஸ்டி, எஃப்800ஜிடி இரண்டும் பெல்ட்டில் ஓடுபவை. எண்ணெய் போட வேண்டாம், சத்தம் இல்லை. பெல்ட்டுக்குக் காலக்கெடு உண்டு, எப்போது மாற்றியது என்று ரசீதைப் பாருங்கள். கவாசாகி நிஞ்சா 1000 நல்ல மோட்டார்தான். 1043 சிசி, எடையும் 230 கிலோ பக்கம்தான். ஆனால் வலது கை லேசாகத் திருகினாலே பறக்கும். ஓராண்டு 650 ஓட்டிப் பழகிய பிறகு அதை வாங்கலாம். எஃப்ஜேஆர்1300, 1400ஜிடிஆர், எஸ்டி1300 எல்லாம் வாரக்கடைசிகளில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு உரியவை. நண்பகல் வெயிலில் சிவப்பு விளக்கில் நின்றால் அவற்றின் சூடு தொடையில் தெரியும். நம் ஊர் வெயிலில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பனைத் தோட்டத்து வழியே தினமும் போகிறவர்களுக்குச் சங்கிலியைச் சுத்தம் செய்வது ஓயாத வேலை. ஷாஃப்ட் அந்தத் தொல்லையைத் தீர்க்கும், அதற்குப் பதில் எடையைக் கூட்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பழக் குலை ஏற்றிய லாரி உதிர்த்துவிட்டுப் போன கொட்டை, எஸ்டேட் முனையில் டயர் இழுத்துவந்த சேறு, திடீரென்று கடக்கிற உடும்பு, மாலையானால் மழை. ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ளதும் இல்லாததும் கிடைத்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது உள்ளதை வாங்குங்கள்.

குறைந்த மீட்டர்

நம் நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய பெரிய மோட்டார்கள் பலவற்றின் கதை ஒன்றுதான். ஆசைப்பட்டு வாங்கினார்கள், சில ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார்கள், பிறகு வேலை, குடும்பம், முதுகுவலி. மோட்டார் போர்வைக்குள் போய்விட்டது. பத்து ஆண்டு கழித்து 9,000 கிலோமீட்டர் என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் பம்பு எங்களைப் பயமுறுத்துவதில்லை. ஆறு மாதம் நிறுத்திவைத்த பம்பைத் திரும்ப ஓட்டும்போதுதான் எல்லாரும் பக்கத்தில் நிற்போம். சீல் காய்ந்திருக்கும், பேரிங்கில் துரு புள்ளி போட்டிருக்கும். மோட்டாருக்கும் அதேதான். நம் ஊர் ஈரக்காற்றில் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் ஈரம் படிந்து துரு பிடிக்கும். பழைய பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரிலும், கார்புரேட்டர் என்றால் ஜெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு காலிப்பர் பிஸ்டனை அரிக்கும். முன் ஃபோர்க் சீல் காய்ந்து, ஓட்ட ஆரம்பித்த சில வாரத்தில் கசியும். டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், தொட்டால் கட்டையாக இருக்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். புளித்த வார்னிஷ் வாடை வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் கண்ணாடி வழியே நிறத்தைப் பாருங்கள். பாலில்லாத கோப்பி ஓ நிறத்தில் இருந்தால் பல ஆண்டாக மாற்றவில்லை. டயர் பக்கச்சுவரில் டிஓடி எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அப்படிப்பட்ட டயரில் எவ்வளவு பட்டை மிச்சம் இருந்தாலும், அதன் விலையை மோட்டார் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். எலிப் புழுக்கையோ கடித்த வயரோ இருக்கிறதா? எஸ்டேட் பக்கம் நின்ற மோட்டாரில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. கடித்த இடத்தை டேப் சுற்றி மூடிவிடுவார்கள், மழையில் அது பேசும்.

வெள்ளத்தில் நனைந்த மோட்டாரும் சந்தையில் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனம் மூழ்கியது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மோட்டாரை இன்னும் கவனமாகப் பாருங்கள். முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு, வயர் இணைப்புகளுக்குள் காய்ந்த வண்டல், மீட்டர் கண்ணாடிக்குள் மூட்டம், ஸ்க்ரூ தலைகளில் ஒரே சீராகத் துரு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அதே கடையில் 60,000 கிலோமீட்டர் ஓடிய இன்னொன்று நிற்கலாம். பெட்டியில் கீறல், சீட் ஓரம் தேய்ந்திருக்கும். ஆனால் எண்ணெய் மாற்றிய ரசீது ஒவ்வொன்றும் ஃபைலில் இருக்கிறது, வால்வு பார்த்த தேதி இருக்கிறது, டயர் போன ஆண்டு மாற்றியது. எனக்கு அதுதான் வேண்டும். இந்த வகை மோட்டார்களுக்கு மாடலைப் பொறுத்து 20,000 முதல் 42,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வால்வு இடைவெளி பார்க்கச் சொல்கிறார்கள். "கடைசியா வால்வு எப்பப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மோட்டார் நன்றாக இருக்கும்.

கையோடு பார்க்க வேண்டியவை

காலையில் போங்கள், வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை இஞ்சினில் கை வைப்பது. சூடாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடாக்கியிருக்கலாம். கூட ஒரு ஆளும், டார்ச்சும், மலிவான வோல்ட் மீட்டரும், நீளமான ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் போதும்.

குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை ஈரம்தான், சூடான பிறகும் நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையை இஞ்சின் மூடிகளில் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேளுங்கள். ஆலையில் பேரிங் கேட்பது இப்படித்தான். ஸ்டார்ட் ஆனதும் சில நொடி கடகடவென்று வந்து அடங்கினால் கேம் சங்கிலி டென்ஷனர் வேலையாக இருக்கலாம், விலை பேச அது ஒரு காரணம். அடங்காமல் அடித்தால் வேண்டாம். மெல்லிய டிக் டிக் வால்வுச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். ரொம்ப ஓடியும் வால்வு பார்க்காமல் சத்தமே இல்லாத இஞ்சின்தான் எனக்குச் சந்தேகம். இடைவெளி சுருங்கினால் சத்தம் குறையும், வால்வு எரியும்.

பேட்டரியில் மீட்டர் வையுங்கள். ஓடாதபோது 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இஞ்சினை 5,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 13.5-க்குக் கீழே நின்றாலும் 15-ஐத் தாண்டினாலும் சார்ஜிங் கெட்டிருக்கிறது.

விழுந்த மோட்டாரா என்று பார்க்க, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கிற இரும்புக் கட்டையைப் பாருங்கள். அங்கே வளைவோ, உடைந்து ஒட்டிய தடமோ இருந்தால் வேகமாக விழுந்த மோட்டார். லீவர் முனை, ஹேண்டில் முனை, கால்மிதி எல்லாம் ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருப்பதும் கதை சொல்லும். இந்த வகை மோட்டாரில் பிளாஸ்டிக் பலகைகள் நிறைய. உள்ளே இருக்கும் பிடிகள் உடைந்து கேபிள் டையில் கட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பலகையையும் லேசாக அசைத்துப் பாருங்கள், அசல் பலகைகளின் விலை தலை சுற்றவைக்கும். பெட்டியும் அப்படித்தான். கொடுக்கிறேன் என்று சொன்ன பெட்டிகள் இரண்டும் சாவியோடு அங்கேயே இருக்கட்டும்.

சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி பின்பக்கத்தை ஒருவர் அமுக்க, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் பிடித்தால் தலை பேரிங் போய்விட்டது. சங்கிலியைப் பின்பல்சக்கரத்தின் பின்முனையில் பிடித்து இழுங்கள். பல் பாதி தெரிகிற அளவுக்கு வந்தால் செட்டாக மாற்ற வேண்டும். பிரேக் தட்டில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதை ஒட்டித் தேய்ந்திருந்தால் விலையில் கழியுங்கள்.

பிறகு ஓட்டம். முழுத்தொகையைக் காட்டாமல் சாவியைத் தர மாட்டேன் என்று சிலர் சொல்வார்கள், அது நியாயம்தான். காரையும் கூட வந்தவரையும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்வரலாம். ஓட்டவே விடவில்லை என்றால் வாங்க வேண்டாம். நேர்ச்சாலையில் கையை லேசாகத் தளர்த்தினால் எந்தப் பக்கமாவது இழுக்கிறதா? உயர்ந்த கியரில் போகும்போது திருகினால் வேகம் ஏறாமல் இஞ்சின் சுற்று மட்டும் ஏறுகிறதா? அப்படியென்றால் கிளட்ச் நழுவுகிறது. இரண்டாவது கியர் தானாக நழுவி வெளியே வருகிறதா? முன்பிரேக் பிடிக்கும்போது லீவர் துடிக்கிறதா? இவ்வளவும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காகிதம்

கிராண்டில் (மோட்டாரின் பதிவுச் சான்று) உள்ள சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் மோட்டாரில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்த தடம், புதுப் பெயிண்ட் இருந்தால் பேச்சை நிறுத்துங்கள். கடத்தி வந்த, எண் மாற்றிய பெரிய மோட்டார் இந்த நாட்டில் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பிடிபட்டால் மோட்டாரும் போகும், பணமும் போகும். சமன் (போக்குவரத்து அபராதம்) பாக்கியை மைபாயார் பிடிஆர்எம், மைஜேபிஜே செயலிகளில் விற்கிறவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். பேங்க் கடன் பாக்கி இருந்தால் அது தீர்ந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் உங்களுக்கு மாறும்போது மீதியைக் கொடுங்கள். "கிராண்ட் அப்புறம் தரேன்" என்பவரிடம் முன்பணம்கூடக் கட்டாதீர்கள். தாய்லாந்தின் பெத்தோங், ஹாட்யாய் என்று எல்லை தாண்ட நினைப்பவர்களுக்கு மோட்டார் சொந்தப் பெயரில் இருப்பது பெரிய நிம்மதி.

வாங்கிய பின்

கையில் உள்ள பணம் முழுவதையும் மோட்டாரிலேயே போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும் முதல் வாரத்திலேயே இஞ்சின் எண்ணெய், ஃபில்டர், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், ஷாஃப்ட் என்றால் அதன் எண்ணெய், எல்லாம் மாற்றிவிடுங்கள். டயர் பழசென்றால் அன்றே புதிது. வடித்த எண்ணெயையும், வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். நெய்போல் மெல்லிய இரும்புத்தூள் இயல்பு, துண்டு துண்டாக வந்தால் விற்றவரிடம் உடனே பேசுங்கள். தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முட்டிக்குக் கவசம் வைத்த பேண்ட், இதற்கும் அந்தப் பணத்திலிருந்துதான். செருப்புக் காலோடு 200 கிலோ மோட்டாரில் ஏறாதீர்கள்.

முதல் சில ஞாயிறு, காலையில் தோட்டத்துத் திடலுக்கோ கோயில் திடலுக்கோ கொண்டு போங்கள். கிளட்சைப் பாதி பிடித்து நடக்கிற வேகத்தில் எட்டுப் போடுங்கள். 40-இல் வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துங்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. முன்பிரேக்கைப் பிடிக்கப் பயப்படுகிற பழைய கப்சாய் பழக்கம் இதில்தான் போகும். பிறகு பெட்டியில் எடை ஏற்றி ஒரு முறை, பின்னால் ஆளை வைத்து ஒரு முறை. இரண்டிலும் நிற்கும் தூரம் மாறும், பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

சாலைக்கு என்றால் பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகிற வழி நல்ல ஆரம்பம். சமதரை, இரு பக்கமும் பெரும்பாலும் செம்பனை, பெரிய வளைவுகள் இல்லை. காலையில் போய், சாய்ந்த கோபுரத்தடியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். அதற்கடுத்து நெடுஞ்சாலையில் ஈப்போ. மோட்டாருக்கு டோல் இல்லை, ஆனால் லாரியைக் கடக்கும்போது வரும் காற்று முதல் முறை உலுக்கும். அதை எதிர்பார்த்து ஹேண்டிலைப் பிடித்து நெரிக்காமல் கையைத் தளர்வாக வையுங்கள்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையைக் கடைசியில் வையுங்கள். குறுகல், வளைவுக்குப் பின் வளைவு, மர நிழலில் பகல் முழுக்க ஈரம் காயாத இடங்கள், காய்கறி லாரியும் பஸ்ஸும் கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் வரும். வார நாளில், விடிந்ததும் கிளம்புங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் தள்ளி, கண்ணை வளைவு முடிகிற இடத்தில் வையுங்கள். முதல் முறை லாத்தா இஸ்கந்தார் அருவி வரை போய், மோட்டாரை நிறுத்தி, டயரையும் பிரேக் சூட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். ரிங்லெட், தானா ராத்தா எல்லாம் அடுத்த முறைக்கு.